மலிவான சிமுலேட்டரும் மச்சானின் கையும்

போஹுமீருக்கு ஒரு வியாதி உண்டு. அடுத்தவர் கையில் எது இருந்தாலும், அது தன் கைக்கு வந்தால்தான் உருப்படும் என்று அவனுக்குத் தோன்றிவிடும். தங்கை புருஷன் ராதிம் சுவரில் துளை போட ஆரம்பித்தால், "இப்டி குடு மாப்ள" என்று ட்ரில் கைமாறும். தோட்டத்தில் சாசேஜ் வாட்டினால் இடுக்கி கைமாறும். ராதிமுக்கும் தங்கை யித்காவுக்கும் நடந்த கல்யாணத்தில், கேக் வெட்டும் கத்தி மொக்கை என்று வாங்கித் தீட்டியவன், அதைத் திருப்பிக் கொடுப்பதற்குள் பாதிக் கேக்கைத் தானே வெட்டி முடித்திருந்தான். படத்தில்கூட அப்படித்தான் விழுந்திருக்கிறது.

செய்கிற தொழிலும் அதற்கேற்ற தொழில்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். அவன் பக்கத்துக் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். செக் நாட்டின் ஹானா வட்டாரத்தில் அவனிடம் படித்தவர்களில் பாதிப் பேர் தேர்வன்றுதான் முதல்முறையாகத் தாங்களே பிரேக்கை மிதித்திருப்பார்கள்.

ராதிம் நகராட்சி நீச்சல் குளத்தில் பம்புகளையும் குளோரினையும் பார்த்துக்கொள்பவன். அமைதியானவன். இதெல்லாம் அவனுக்குப் பழகிவிட்டது என்றுதான் குடும்பமே நினைத்தது. பழகவில்லை. உள்ளுக்குள் எரிந்துகொண்டுதான் இருந்தது.

போன கோடையில் ராதிம் லேசான பால்சா மரத்தில், ரிமோட்டில் பறக்கும் ஒரு சின்ன விமானம் செய்து, ஊரில் அதற்கென்றே இருக்கும் கிளப்புக்குக் கொண்டுபோனான். புது விமானத்தை முதலில் அனுபவசாலிதான் பறக்கவிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அனுபவசாலி யார்? கிளப் தலைவர் போஹுமீர். "ஒரே ஒரு சுத்து" என்று வாங்கியவன், ஒரு பேட்டரி தீர்ந்ததும் அடுத்ததை மாட்டினான், பிறகு அதற்கும் அடுத்ததை. ராதிம் திருவிழாவில் யாருடைய பையையோ பிடித்துக்கொண்டு நிற்பவனைப்போல நின்றான். சாயங்காலம் காற்றில் அது நெட்டிலிங்க மரத்தில் மோதி உடைந்தபோது, அதன் சொந்தக்காரன் ஒரு நிமிடம்கூட அதை ஓட்டியிருக்கவில்லை.

அதனால் இந்தக் குளிர்காலத்தில் அடுத்த விமானத்தின் இறக்கைக்கு மஞ்சள் தாள் ஒட்டும்போதே ராதிம் முடிவு செய்துவிட்டான். கிளப்காரர்கள் கூடும் பீர்க்கடையில் வைத்தே சொன்னான்.

"இந்தத் தடவை முதல்ல நான்தான் ஓட்டுவேன்."

போஹுமீர் சிரித்தான். "ஓட்டு, யாரு வேணாங்கறா? தெரியுமா உனக்கு?"

"கத்துக்கறேன்."

"அப்ப ஒரு சிமுலேட்டர் வாங்கி கம்ப்யூட்டர்ல பழகு. ஒடைக்காம இறக்கிக் காட்டு. நானே வந்து பாத்துட்டு விட்டுடறேன்."

அவ்வளவுதான் நிபந்தனை. எளிதாகத்தான் தெரிந்தது. ராதிம் செய்த தப்பு, அடுத்து ஒரு கேள்வி கேட்டதுதான்: "விலை கம்மியா எது நல்லாருக்கும்?"

மேஜை முழுக்க ஒரே நேரத்தில் வாய் திறந்தது. போஹுமீர் ஜெர்மன்காரன் செய்ததைத் தவிர மற்றதெல்லாம் குப்பை என்றான். அந்த விலைக்கு மோட்டாரோடு இன்னொரு விமானமே வாங்கலாம். பல் டாக்டர் ஹினெக், தான் வைத்திருப்பதில் புல்லின் நிழல்கூட அசையும் என்றான். அதை ஓட்டுவதற்கு என்ன கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதிலில், ராதிம் பழைய காரை விற்க வேண்டியிருக்கும். ரயில்வேயில் ஓய்வுபெற்ற வெண்டெலீன், "காசே வேணாம்பா, இலவசமா ஒண்ணு இருக்கு" என்றார்.

"நீங்க எதுல ஓட்டறீங்க?"

"கீபோர்டுலதான்."

"கீபோர்டுல கத்துக்கிட்டு ரிமோட்டுல எப்படி ஓட்டறது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் மைதானத்துக்கு வர்றதே பீருக்குத்தானே."

பிறகு மூன்று பேரும் தங்களுக்குள் சண்டைபோட ஆரம்பித்தார்கள். கேட்டவனை எல்லோரும் மறந்தே போனார்கள். ராதிம் எண்ணெயில் ஊறவைத்த பாலாடைக்கட்டியைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனான்.

வீட்டில் இருந்தது யித்காவின் கம்ப்யூட்டர். தேவாலயப் பாட்டுக் குழுவின் இசைக்குறிப்புகளை அச்செடுப்பதற்காக வாங்கியது. அதற்கு மேல் வேலை கொடுத்தால் மூச்சு வாங்கும். ராதிம் முதலில் இலவசத்தை இறக்கினான். தன் ரிமோட்டை அதோடு இணைக்க ஒரு கேபிள் வாங்கினான். கேபிளை ரிமோட்டுக்குத் தெரிந்தது, கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. வேறு கேபிள் வாங்கினான். இப்போது கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது, ஆனால் திரையில் விமானம் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியது. நடுநிலை சரிசெய்யவும் என்றது திரை. ரிமோட்டின் இரண்டு குச்சிகளையும் நடுவில் வைத்தான். மூலைகளுக்குத் தள்ளவும் என்றது. தள்ளினான். நன்றி என்று சொல்லிவிட்டு மறுபடி பம்பரம் விட்டது.

"இதுக்கு நீ நெசமாவே ஒண்ணை ஒடைச்சிருக்கலாம்" என்றாள் யித்கா. "நேரமாவது மிச்சம்."

"கிண்டல் பண்ணாத யித்கா."

"கிண்டல் இல்ல. நாளைக்கு ஒத்திகை. எனக்குத் தாள் எடுக்கணும். எந்திரி."

அடுத்து, இணையச் சந்தையில் ஓலோமௌட்ஸ் நகரத்துக்காரர் ஒருவர் பழையதைப் பாதி விலைக்கு விற்கிறேன் என்றார். ராதிம் நேரில் போய் வாங்கி வந்தான். பெட்டியைத் திறந்தால், உள்ளே குறுந்தட்டு. யித்காவின் கம்ப்யூட்டரில் குறுந்தட்டு போடுகிற துவாரமே கிடையாது. அந்த மனிதர் போனை எடுக்கவில்லை. ராதிம் அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தான். மனிதனுக்கு அழுகை வரக்கூடிய இடங்களில் அதுவும் ஒன்று. இத்தனைக்கும் அவன் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. தான் செய்த பொருளைத் தன் கையால் ஒரு தடவை ஓட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியில் அகப்பட்டது, யாரும் சொல்லாத ஒன்று. விளையாட்டுகள் விற்கும் இணையக் கடையில் தள்ளுபடியில் கிடந்தது. படம் சுமார்தான், மரங்களெல்லாம் காலிஃபிளவர் மாதிரி இருந்தன. ஆனால் யித்காவின் கம்ப்யூட்டரில் திணறாமல் ஓடியது. கூடவே சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் ஒரு பொம்மை ரிமோட். சொருகினால் போதும், வேலை செய்தது. ஒரே ஒரு குறை. போஹுமீரின் கிளப்பில் அத்தனை பேருக்கும் மோட்டார் வேகம் வலது குச்சியில், மூக்கைத் தூக்குவதும் இறக்குவதும் இடது குச்சியில். இந்தப் பொம்மையில் அது தலைகீழ்: மோட்டார் இடதில், மூக்கு வலதில். மாற்றவும் வழியில்லை.

ராதிம் இரண்டு நாள் தலையைச் சொறிந்தான். இன்னொன்று வாங்கப் பணமும் இல்லை, பொறுமையும் இல்லை. பிறகுதான் உறைத்தது: பொம்மையை மாற்ற முடியாவிட்டால் என்ன, உண்மையான ரிமோட்டை மாற்றலாமே! அதற்கு அமைப்புகளில் இடம் உண்டு. ஒரு சுருள்வில்லையும் கழற்றி இடம் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினான். இப்போது இரண்டும் ஒன்றுபோல.

மார்ச் முழுக்க வேலை விட்டு வந்ததும் ஓட்டினான். காலிஃபிளவர் மரங்களில் எத்தனை விமானங்களைச் சொருகினான் என்பதற்குக் கணக்கில்லை. மெல்ல மெல்ல விரல்களுக்குப் புத்தி வந்தது. விமானம் எதிரே வரும்போது இடம் வலம் குழம்பாமல் இருந்தது. ஒரு நாள் உடையாமல் இறங்கியது. பிறகு தினமும் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை போஹுமீர் பார்க்க வந்தான். யித்கா விவரமானவள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்ததுமே ஒரு கையில் கசகசா வைத்த கொலாச் பன் தட்டையும் இன்னொரு கையில் காப்பியையும் கொடுத்துவிட்டாள். அவனால் எதையும் பிடுங்க முடியவில்லை.

ராதிம் ஏற்றினான், எட்டுப் போட்டான், இறக்கினான். இறக்கிக்கொண்டே தெளிவாகச் சொன்னான்: "மச்சான், ஒண்ணு கவனிச்சுக்கோ. இதுல மோட்டார் இடது குச்சில. மாத்த முடியல. அதனால என் நெச ரிமோட்டையும் இதே மாதிரி மாத்திட்டேன். உங்களுது மாதிரி இல்ல."

"ம்ம்" என்றான் போஹுமீர் வாய் நிறைய. "யித்கா, கசகசா கொஞ்சம் தூக்கல்மா. அம்மா இவ்ளோ போடமாட்டாங்க."

"கேட்டியா மச்சான்?"

"கேட்டேன் கேட்டேன். இறங்கறப்ப மூக்கு கொஞ்சம் தூக்கலா இருக்கு. பரவாயில்ல, ஓட்டிக்கோ. பொழைச்சுப் போ."

ஏப்ரல் கடைசியில், கிளப் மைதானத்தைச் சுற்றிக் கடுகு வயல் மஞ்சளாகப் பூத்திருந்த ஒரு சனிக்கிழமை. மடக்கு நாற்காலிகளில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். முதல்முறை ஒரு விமானத்தைப் பறக்கவிட்டவன்தான் எல்லோருக்கும் பிளம் சாராயம் ஊற்ற வேண்டும்; அங்கே அது ஒரு கௌரவம். அந்தப் பாட்டிலை வெண்டெலீன் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். யித்காவும் வந்திருந்தாள்.

ராதிம் வெட்டிய புல்லில் விமானத்தை வைத்தான். பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க, போஹுமீர்.

"கொஞ்சம் தள்ளி நில்லு மச்சான்."

"நான் ஒண்ணும் பண்ணல. சும்மா நிக்கறேன்."

விமானம் ஓடியது, எழும்பியது. அவ்வளவு லேசாக எழும்பும் என்று ராதிம் நினைக்கவே இல்லை. விரல்கள் தாமாகவே வேலை செய்தன. வயலுக்கு மேல் ஒரு சுற்று. ஹினெக் கைதட்டினான். இன்னொரு சுற்று. இத்தனை வருஷத்தில் தன் கையில் இருக்கிற ஒன்று தன் கையிலேயே இருப்பது எப்படிப்பட்ட சந்தோஷம் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வேகம், வேகம்! திருப்பத்துல விடாத. மூக்கப் பாரு!" என்று காதுக்குள் போஹுமீர்.

"பேசாம இரு."

"நல்லதுக்குச் சொல்றேன்டா!"

மூன்றாவது சுற்றில் நெட்டிலிங்க வரிசையின் பக்கமிருந்து ஒரு காற்று அடித்தது. ஒரு இறக்கை சாய்ந்தது. காலிஃபிளவர் மரங்களுக்கு மேல் இதே மாதிரி எத்தனை முறை சாய்ந்திருக்கும்! ராதிமின் கட்டைவிரல் அதைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டது. இறக்கையும் நிமிரத் தொடங்கிவிட்டது.

"இப்டி குடு!"

ரிமோட் கையில் இல்லை. போஹுமீரின் கையில் இருந்தது. விமானத்துக்கு வேகம் கொடுக்க அவன் வலது குச்சியை முன்னால் தள்ளினான். இந்த ரிமோட்டில் அது மூக்கு. விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்தது. பதறி, மூக்கைத் தூக்க இடது குச்சியைப் பின்னால் இழுத்தான். இதில் அது மோட்டார். மோட்டாரும் நின்றது. மஞ்சள் விமானம் சத்தமே இல்லாமல் மஞ்சள் வயலுக்குள் போனது. பிறகுதான் சத்தம் கேட்டது.

எல்லோரும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்கள். வெண்டெலீன்கூட.

"ரிமோட்டுல ஏதோ கோளாறு" என்றான் போஹுமீர். "நான் மேல ஏத்தறேன், அது கீழ போகுது!"

"கோளாறு இல்ல. என்னுதுல மோட்டார் இடது பக்கம்."

"அதை முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

யித்காதான் சொன்னாள்: "சொன்னான் அண்ணா. உன் மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னான். கேட்டேன் கேட்டேன்னு நீதான் சொன்னே."

ராதிம் வயலுக்குள் இறங்கினான். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பாமலே, "வராத" என்றான். காலடி நின்றது. இடுப்பளவு பூவுக்குள் குனிந்து குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். ஒரு இறக்கை இரண்டாகியிருந்தது. மூக்கு மண்ணுக்குள் புதைந்திருந்தது. அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மச்சான் மேல் மட்டுமல்ல. தோளை இடித்துக்கொண்டு நிற்கிறவனை அப்போதே விரட்டாத தன் மேலும்தான்.

அவன் மேலே வந்தபோது, பாட்டிலை யாரிடம் கொடுப்பது என்பதுதான் அங்கே பேச்சு. "ஏத்துனது ராதிம்" என்றான் ஹினெக். வெண்டெலீன் தலையை ஆட்டினார். "தரையில இறக்கினாத்தான் பறக்கவிட்ட கணக்கு. இது யாரோட கணக்குலயும் சேராது." சொல்லிவிட்டுப் பாட்டிலைப் பைக்குள் வைத்தார்.

அதுவும் போயிற்று. இரண்டரைச் சுற்றும் இல்லை என்று ஆயிற்று.

ராதிம் நேரே போஹுமீரிடம் போனான். உடைந்ததையெல்லாம் அவன் நெஞ்சோடு சேர்த்து அழுத்தினான்.

"இந்தா. முழுசா இருக்கறப்ப புடுங்கத் தெரிஞ்சுதுல்ல? இப்பவும் நீயே வச்சுக்கோ. எடுத்துட்டுப் போய் முழுசாக்கிக் கொண்டா."

"செஞ்சு தரேன் மாப்ள. அதுக்கென்ன, ரெண்டு வாரம். நடுவுல கார்பன் தண்டு ஒண்ணு போட்டுட்டா..."

"எதை வேணா போடு. ஆனா முதல்ல ஓட்டறது நான். அன்னிக்கு நீ இந்த மைதானத்துல இருக்கக் கூடாது."

போஹுமீர் சிரிக்கப் பார்த்தான். "டேய், நான் கிளப் தலைவர்டா."

"இருந்துக்கோ. வீட்ல இருந்துக்கோ."

போஹுமீர் ஹினெக்கைப் பார்த்தான். ஹினெக் தன் பேட்டரியைப் பார்த்தான். வெண்டெலீன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். கடைசியாகத் தங்கையைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மைதானத்துல வேணாம், சரி" என்றான் குரல் இறங்கி. "ரோட்டோரமா, கார்ல உக்காந்து பாக்கலாமா?"

ராதிம் யோசித்தான்.

"கார் கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு" என்றான்.