வலது அக்குளுக்கு நாமினி

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு ஊசி ஆஸ்பத்திரி இருந்ததாம். அக்குள் ஓயாமல் வியர்ப்பவர்களுக்கு அங்கே ஊசி போடுவார்கள். வியர்வை நின்றுவிடும். நின்றது வேறு எங்காவது வந்தாக வேண்டுமே. அதற்காக விண்ணப்பத்தின் அடியில் நாமினி என்று ஒரு கட்டம். அதில் யார் பெயர் இருக்கிறதோ, அவருக்கு வியர்க்கும்.

அந்த ஊர் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்ற தில்லைக்கண்ணுவுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வலது அக்குள் மட்டும் ஊற்றியது. மேல் தட்டுக்குக் கையைத் தூக்கினால் சொட்டியது. முகூர்த்தப் புடவை ஒன்று கறைபட்டது.

"இன்னொரு புடவையில பட்டுச்சு, உன்னைக் கீழே கால்மிதிப் பிரிவுக்கு அனுப்பிருவேன்," என்றார் மேற்பார்வையாளர் பரமானந்தம். கால்மிதிப் பிரிவுக்குப் போனவர்கள் யாரும் மேலே வந்ததில்லை.

அன்றிலிருந்து தில்லைக்கண்ணு யார் முகத்தையும் பார்க்கவில்லை, அக்குளைத்தான் பார்த்தான். பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருந்த ஒவ்வொரு காய்ந்த சட்டையும் திருட்டு முழி முழித்தது.

வீட்டில் அவன் மனைவி வேதநாயகி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் டீச்சர். போட்டிருந்த ரவிக்கையில் இடது பக்கம் நனைந்திருந்தது. கரும்பலகையில் எழுதும் வலது பக்கம் புதுத்துணிபோல இருந்தது.

"என் பேரையா எழுதின?"

"வேற யார் பேரை எழுதுவாங்க? பாங்க், இன்சூரன்ஸ், எல்லாத்துக்கும் உங்க பேருதானே? கை பழக்கத்துல எழுதிருச்சு."

"படிச்சுப் பாக்கலையா?"

"ஃபாரத்தை யாருங்க படிக்கிறாங்க?"

அதுவும் நியாயம்தான். இருந்தாலும் அவனுக்கு உறுத்தியது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனான். "வந்த இடத்துக்கே திருப்ப முடியாது சார். வேற பேர் சொல்லுங்க," என்றாள் நர்ஸ்.

அவன் குரலைத் தாழ்த்திப் பரமானந்தம் என்றான்.

"ஜவுளிக்கடைக்காரரா? அவர்கிட்ட இடமில்ல. உங்க கடையிலேயே பதினாலு பேர் எழுதியிருக்கீங்க."

பரமானந்தம் ஏன் எப்போதும் கையைக் கட்டியபடியே நிற்கிறார் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"வந்ததைக் கைமாத்தி விடறதுக்குப் பேர் மட்டும் போதாது. இதுவரைக்கும் வியர்க்காதவங்க யாராவது இருந்தா அவங்க கையெழுத்து வாங்கிக்குங்க. ஊசியை இப்பவே போட்டுடறேன். கையெழுத்து விழுந்ததும் நிக்கும்."

கடை வாசலில், கண்ணாடிக்குள் பட்டுடுத்தி நின்ற பொம்மையிடம் விண்ணப்பத்தை நீட்டினான். அது இரண்டு பக்கத்தையும் முழுசாகப் படித்தது. அவனை ஏற இறங்கப் பார்த்தது.

"வலது மட்டும்தானே?"

"ஆமாங்க."

"நாளைக்கு இடதையும் தூக்கிட்டு வந்து நிக்கக் கூடாது."

"மாட்டேங்க."

கையெழுத்துப் போட்டது. உடனே அதன் அக்குள் ஈரமாயிற்று.

"வியர்க்கிற ஆள் பட்டுல நிக்கக் கூடாது. கடை சட்டம். நீ ஏறு."

அவன் ஏறி நின்றான். பொம்மை பட்டை அவிழ்த்து அவனுக்குச் சுற்றிவிட்டு, அவனுடைய வலது கையை உயர்த்தி முந்தானையை அதில் விரித்தது. கொஞ்சம் தள்ளி நின்று அக்குளைச் சரிபார்த்தது. காய்ந்திருந்தது. பிறகு ஒரு காட்டன் புடவையைச் சுற்றிக்கொண்டு, பஸ்ஸ்டாண்டுப் பக்கமாக நடந்து போயிற்றாம்.