முதலில் எஞ்சின், பிறகு தண்ணீர்

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லிவைத்தவர்கள் யாரும் ஏரித் தண்ணீர் மேல் ஓட்டுகிற பழைய வாட்டர் ஸ்கூட்டர் ஒன்றை வாங்கிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் மற்ற இரண்டையும் சும்மா விட்டிருப்பார்கள்.

வாங்கியது மாப்பிள்ளை இல்லை, அவனுடைய மனைவி. ஏரிக்கரையில் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒரு கடை மூடப்பட்டபோது, ஓடாத வண்டி என்று தெரிந்தே வாங்கினாள். சக்கரம் வைத்த இழுவைச் சட்டத்தோடு கொண்டுவந்து அம்மா வீட்டுப் பின்கொட்டகையில் நிறுத்தினாள். "இதை ஓட வச்சுட்டுத்தான் மறுவேலை" என்றாள். மழை நிற்கட்டும் என்று காத்திருந்தாள். மழை நிற்பதற்கு முன்னால் அவள் நின்றுபோனாள். காய்ச்சல் என்று படுத்தவள், அவ்வளவுதான்.

மாப்பிள்ளைக்கு ஒரு பெயர் இருக்கிறது. இந்த வீட்டில் அதைச் சொல்லிக் கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். மாமியாருக்கு அவன் மாப்பிள்ளை, மச்சானுக்கு மாப்பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர் வரைக்கும் அதுவேதான். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அவன் அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஏமாந்து திரும்பிப் போனார்கள். காலையில் எழுந்தான், குளித்தான், மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய் லென்ஸ் தேய்த்தான், திரும்பி வந்து போட்டதைச் சாப்பிட்டான். உப்பு இல்லாவிட்டாலும் தெரியாது, இரண்டு தடவை போட்டிருந்தாலும் தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவனைக் கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வான். பொய்யும் இல்லை.

அந்த வீட்டில் மிச்சம் இருந்தது அவனும் மாமியாரும். மாமனார் அவன் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டவர். சொந்த ஊரில் அவனுக்கென்று யாரும் இல்லாததால் கல்யாணம் ஆனதிலிருந்தே இங்கேதான் குடியிருந்தான். மனைவி இருந்தபோது அதை யாரும் ஒரு பேச்சாக எடுக்கவில்லை. இப்போது எடுத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாதே.

மனைவியின் அண்ணன், அதாவது மச்சான், வேறு ஊரிலிருந்து ஒரு நாள் வந்தார். நல்ல மனுஷர். சொல்ல வந்ததைச் சொல்வதற்குள் நாற்காலியை நாலு தடவை நகர்த்திப் போட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாப்ள. அம்மாவ நான் கூட்டிட்டுப் போயிடறேன். வீட்டைப் பூட்டிடலாம். நீங்களும் எத்தனை நாளைக்கு இப்படியே இருப்பீங்க? நாலு பேரு நாலு விதமா பேசறாங்க."

"சரி மச்சான்."

"உடனே இல்ல. மெதுவாத்தான்."

"அவ வாங்குன வண்டி ஒண்ணு நிக்குது" என்றான் மாப்பிள்ளை. "அதை ஓட வச்சு வித்துக் குடுத்துட்டுக் கெளம்பிடறேன்."

எதற்கு அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. வாய் சொல்லிவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் டீ டம்ளர்களோடு நின்றிருந்த மாமியார், அவனுக்கு அத்தை, அதைக் கேட்டார். உள்ளே வந்து டம்ளர்களை வைத்துவிட்டுப் போனார்.

வாக்குக் கொடுத்தாயிற்று. வண்டியைப் பற்றித்தான் ஒரு மண்ணும் தெரியாது. மூக்குக்கண்ணாடித் திருகு முடுக்குகிற கையில் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகைக்குள் போனான். பேட்டரி செத்திருந்தது, மாற்றினான். பட்டனை அழுத்தினான், ஒரு முனகல்கூட இல்லை. ஒயரை எல்லாம் கழற்றித் துடைத்து மாட்டினான். சாயங்காலம் வரை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம். கடைசியில் படகுத்துறையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக்குக்குப் போன் போட்டான்.

"கயிறு மாட்டினீங்களா சார்?"

"எந்தக் கயிறு?"

அந்தப் பக்கம் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தான். சிவப்புக் கயிறு ஒன்று இருக்குமாம். ஒரு முனையில் இருக்கும் கிளிப்பைப் பட்டனுக்கு அடியில் செருகினால்தான் எஞ்சின் உயிர் பிடிக்கும். மறுமுனை ஓட்டுகிறவர் மணிக்கட்டில். ஆள் தண்ணீரில் விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொள்ளும், வண்டி அங்கேயே நின்றுவிடும். ஆள் போனால் எல்லாம் நின்றுவிடுகிற ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான் என்று நினைத்துக்கொண்டு கிளிப்பைச் செருகினான்.

பிறகு பெட்ரோல். டேங்கில் கிடந்தது பழசாகிப் புளித்து, வார்னிஷ் மாதிரி நாறியது. கார்புரேட்டர் துளைகளில் பிசின் மாதிரி அடைத்திருந்தது. லென்ஸ் துடைக்கிற மெல்லிய பிரஷ் அங்கேதான் உதவிற்று. வெடித்துப்போன ரப்பர் குழாய்களை மாற்றினான், பிளக் இரண்டையும் புதிதாகப் போட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது இருமி, புகை கக்கி, ஓடியே விட்டது. தரையில் வைத்துச் சும்மா ஓட்டினால் சூட்டில் கெட்டுவிடும் என்பதால் உடனே நிறுத்தினான். சந்தோஷம் வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை.

இனி ஓஸ் பைப்பை மாட்டித் தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. பைப்பை மாட்டினான், குழாயைத் திறந்தான், வந்து பட்டனை அழுத்தினான். 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி.

"தண்ணிய மொதல்ல தொறந்தீங்களா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"ஆமா."

"போச்சு. ஆழம் தெரியாம காலை விட்டுட்டீங்களே சார். எஞ்சின் ஓடுனாத்தான் புகை தண்ணிய வெளிய தள்ளும். ஓடாதப்ப தண்ணி விட்டா, அது பின்வாசல் வழியா ஏறி எஞ்சினுக்குள்ள போய் உக்காந்துக்கும். பிளக்கக் கழட்டி, சுத்தவிட்டுத் துப்ப வைங்க. உள்ள எண்ணெய் அடிங்க. இனிமே மறக்காதீங்க. மொதல்ல எஞ்சின், அப்புறம் தண்ணி. நிறுத்தும்போது மொதல்ல தண்ணி, அப்புறம் எஞ்சின்."

குழாய் இருந்ததோ கொட்டகைக்கு வெளியே, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில். ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்க முடியாது. அத்தையைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அத்தை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்குப் பிறகு எது என்பதில் டாக்டர்களையே அதட்டியவர் என்று மகள் சொல்லுவாள். ஆனால் மாப்பிள்ளையிடம் மட்டும் அப்படி ஒரு மரியாதை. சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டுமானால்கூட நிலைக்கதவைப் பார்த்துத்தான் கூப்பிடுவார். மகள் இருந்தவரைக்கும் இரண்டு பேர் பேச்சும் அவள் வழியாகவே போய் வந்துகொண்டிருந்தது.

"மொதல்ல எஞ்சின், அப்புறம் தண்ணி" என்று விளக்கினான்.

"நீங்க தண்ணின்னு சொன்னதும் தொறக்கணும். மூடுன்னு சொன்னதும் மூடணும், அதுக்கப்புறம்தான் நீங்க எஞ்சின நிறுத்துவீங்க" என்று ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தார் அத்தை.

அடுத்த ஞாயிறும் 'டக்'. பிளக்கைக் கழற்றினால் தண்ணீர் முகத்தில் அடித்தது. எங்கோ கசிகிறது என்று முடிவு கட்டி, எஞ்சின் தலையைக் கழற்றி உள்ளிருந்த தகட்டை மாற்றினான். அதற்கடுத்த ஞாயிறும் 'டக்'. ரப்பர் வளையங்களை மாற்றினான். மறுபடியும் 'டக்'. விரல் முட்டிகளில் தோல் இல்லை. மெக்கானிக்கே ஒரு நாள் நேரில் வந்து, குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு. தண்ணி எங்கேருந்து வருதுன்னுதான் தெரியல."

"ஆயிடுச்சா மாப்ள?" என்று மச்சான் போனில் கேட்பார்.

"ஆகல மச்சான்."

அப்படிப் பேசி வைத்த நாள்களில் அத்தை, நிலைக்கதவைப் பார்த்து, "இன்னும் எத்தனை நாள் வேலை பாக்கி?" என்று கேட்பார். தெரியவில்லை என்பான். தட்டில் இன்னொரு கரண்டி விழும். அவன் அதையும் சாப்பிடுவான். ஒன்றையும் கவனிக்கிற ஆளாக அவன் அப்போது இல்லை.

பிறகு ஒரு காலை. எல்லாவற்றையும் மாட்டி முடித்துவிட்டு, பின்பக்க இணைப்பு இறுக்கமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். இடது கை ஓஸ் பைப்பின் மேல் கிடந்தது. இன்னும் பட்டனைத் தொடவில்லை, வாயைத் திறக்கவில்லை. கைக்கு அடியில் பைப் புடைத்தது. சில்லென்று தண்ணீர் ஓடுவது உள்ளங்கையில் தெரிந்தது.

எழுந்து வெளியே வந்தான். அத்தை குழாயைப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

"அத்தை, நான் இன்னும் சொல்லவே இல்லையே."

அத்தை குழாயை மூடினார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "தெரியும்."

"ஒவ்வொரு வாட்டியுமா?"

"ஒவ்வொரு வாட்டியும்தான்."

"எஞ்சின் ஒடஞ்சு போயிருக்கும் அத்தை."

"ஒடையட்டும்னுதான் தொறந்தேன்." இப்போது அவர் கதவையும் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை, அவனையே பார்த்தார். "இது ஓடிட்டா நீங்க கெளம்பிடுவீங்க. நீங்க கெளம்பிட்டா அவன் என்னைக் கூட்டிட்டுப் போயிடுவான். அங்க எல்லாரும் நல்லவங்கதான், குறையே சொல்ல மாட்டேன். ஆனா நான் அவ பேரை எடுத்தா உடனே பேச்சை மாத்துவாங்க, நான் வருத்தப்படுவேனாம். நீங்க பேசவும் மாட்டீங்க, மாத்தவும் மாட்டீங்க. எனக்கு அது போதும் மாப்பிள்ளை."

அவனுக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், இத்தனை தோல், மாற்ற வேண்டாத தகடுகள், வளையங்கள் எல்லாம் சேர்ந்து வந்தன. கத்த வேண்டும் போலிருந்தது. அவள் போனதிலிருந்து அவனுக்கு வேண்டும் போலிருந்த முதல் காரியமே அதுதான். மரத்த காலில் ரத்தம் ஓடினால் முதலில் வலிக்கத்தான் செய்யும். அந்த வலியோடு கொட்டகைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தான்.

நியாயத்தைச் சொல்வதென்றால், அத்தையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 'டக்' கேட்ட ஒவ்வொரு நாளும் அவனுக்கும் நன்றாகப் பசித்ததா என்று கேட்டால், ஆமாம், பசித்தது. ஓடாத வண்டியைச் சரிபண்ணிவிட்டுக் கிளம்புகிறேன் என்றவனுக்கு, அது ஓடாத வரைக்கும் கிளம்ப வேண்டாம் என்பது தெரியாதா என்ன? ஒருவர் தண்ணீரை ஊற்றினார், ஒருவர் துடைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து செய்தது ஒரே வேலை.

எழுந்தான். பிளக்குகளைக் கழற்றினான், சுற்றவிட்டான், எஞ்சின் தண்ணீரைத் துப்பியது. எண்ணெய் அடித்தான், துடைத்தான், மாட்டினான்.

"அத்தை, வாங்க."

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான். இந்த வாட்டி நான் சொன்னப்புறம்."

அத்தையின் முகம் சுருங்கிப்போயிற்று. ஆனால் வந்தார். குழாயில் கை வைத்து நின்றார்.

பட்டனை அழுத்தினான். பிடித்தது. கொட்டகை முழுக்கப் புகை. "தண்ணி!" என்று கத்தினான். பைப் புடைத்தது, வண்டியின் பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அவள் வாங்கிய வண்டி ஓடியது. அந்த நேரம் பார்த்து மச்சானின் போன்.

"என்ன மாப்ள சத்தம்? ஓடுதா?"

"ஓடுது!"

"நல்லதாப் போச்சு. அப்ப வர்ற வாரம் நான் வந்து அம்மாவ..."

"நான் போகல மச்சான்!"

"என்னது? கேக்கல!"

"போகலன்னேன்! இங்கயேதான் இருப்பேன்!"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "ஒண்ணும் புரியல, அதை நிறுத்திட்டுப் பேசுங்க" என்றார் மச்சான்.

கையால் சைகை காட்டினான். அத்தை குழாயை மூடினார். மிச்சத் தண்ணீர் வெளியேற எஞ்சினை ஒரு தடவை உறுமவிட்டு நிறுத்தினான்.

இரைச்சலில் எதையும் சொல்லிவிடலாம். சத்தம் நின்ற பிறகு அதையே சொல்வது வேறு. வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி அமைதியாகிவிட்டது. அத்தை கொட்டகை வாசலுக்கு வந்து நின்றார். எஞ்சின் சத்தத்தில் அவருக்கும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

"ம், இப்ப சொல்லுங்க மாப்ள. என்ன சொன்னீங்க?"

மாப்பிள்ளை போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். கன்னத்தில் ஓடியது வியர்வை என்று நினைத்துத் துடைத்தான், மறுபடியும் ஓடியது.

"வண்டிய யாருக்கு வேணும்னாலும் குடுத்துடலாம்" என்றான். "நான் போகல மச்சான். அத்தையும் வர மாட்டாங்க. நாங்க இங்கயே இருக்கோம்."

 "ஊரு என்ன சொல்லும் மாப்ள?" என்று கேட்டார் மச்சான். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.  பதில் சொல்ல மாப்பிள்ளை வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. தேம்பித் தேம்பி அழுதான்.

கிரீஸ் படிந்த அவன் கையிலிருந்து அத்தை போனை வாங்கிக்கொண்டார்.

"ஊரு என்னவோ சொல்லிட்டுப் போகட்டும்டா. என் பிள்ளை இன்னும் சாப்பிடல. அப்புறம் பேசறேன், வை" என்றார்.

மறுமுனையில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர் பெற்ற பிள்ளை.