பிரான்ஸ்கோட் மாளிகையின் பின்படி

சேந்தன் மூன்று கிழமையாகக் கீறிய படம் அது: இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் 1768இல் கட்டி முடித்த பிரான்ஸ்கோட் மாளிகை. இன்று ஏழு மணிக்குக் கட்டடக்கலை மாலை வகுப்பில் அதை விளக்க வேண்டும். நன்றாக அமைந்தால் மண்டபச் சுவரில் தொங்கவிடலாம் என்று ஆசிரியை நோரா சொல்லியிருந்தார்.

முன்பக்கம் அகன்ற பளிங்குப் படி. பின்பக்கம், சுவருக்குள் ஒளித்து வைத்ததுபோல ஒடுங்கிய இன்னொரு படி. நோர்வேயில், ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடியில் வளர்ந்தவனுக்கு இரண்டாவது படி என்றால் நெருப்புப் பிடித்தால் தப்பும் வழி. படத்தில் அந்தப் படிக்குப் பக்கத்தில் 'தப்பும் வழி' என்று மையால் எழுதியும் விட்டான். "அந்தக் காலத்திலேயே என்ன முன்யோசனை!" என்று உரையில் ஒரு பந்தி புகழ்ச்சி வேறு.

ஆறரைக்கு, எதற்கும் ஒருமுறை சரிபார்ப்போமே என்று, அந்த மாளிகையில் வேலைக்காரர்களுக்கு எழுதிவைத்த விதிகளின் நகலைத் திறந்தான். மலச்சட்டிகள் பின்படியால் மட்டுமே இறங்க வேண்டும். நாற்றம் முன்மண்டபத்துக்கு வரக்கூடாது. எசமானர் எதிர்ப்பட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிற்க வேண்டும்.

எழுந்து நின்று, முகஞ்சுளித்தபடி அந்த வரிகளைத் திரும்ப வாசித்தான்.

"என்னடா, ஊசின சோத்தை மணந்து பாத்தவன் மாதிரி நிக்கிறாய்?" என்றாள் கூடப் படிக்கும் கஜேந்தினி.

வாசித்துக் காட்டினான்.

"சீ! தப்புற வழியாம். ஓம், நாத்தம் தப்புற வழி!"

"நான் பிழையா விளங்கி, படத்திலயும் எழுதிப்போட்டன்."

"விடு. ஒருத்தரும் கவனிக்கமாட்டினம். படம் வடிவா இருக்கு, அதில கைவைச்சால் நாசமாப் போகும்."

படம் வடிவாக இருந்ததுதான் அவனுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. அம்மா வேலைசெய்யும் ஹோட்டலில் அழுக்குத்துணி வண்டியோடு விருந்தினரின் லிஃப்டில் ஏறக்கூடாது, பின்பக்க லிஃப்ட்தான். அதை ஒழுங்கு என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தான்.

ஏழு மணிக்குப் படத்தைப் பலகையில் குத்தினான். புகழ்ச்சிப் பந்தியை வாசிக்கவில்லை. எல்லோரும் பார்க்கத் 'தப்பும் வழி' என்ற தன் எழுத்தைத் தடித்த பேனையால் குறுக்கே கோடிழுத்து வெட்டி, 'மலச்சட்டி இறங்கும் படி' என்று நோர்வேஜிய மொழியில் பெரிதாக எழுதினான். மை ஊறிப் பளிங்குப் படிவரை பரவியது. முன்வரிசையில் ஒருவர் மூக்கைச் சுளித்தார்.

"இனி இதைச் சுவரில் தொங்கவிட முடியாதே, சேந்தன்," என்றார் நோரா.

"தெரியும்," என்றான்.

படத்தைச் சுருட்டியபோது விரலெல்லாம் மை. கஜேந்தினி மை துடைக்கத் தாள் நீட்டினாள்.

"அம்மாவுக்குக் காட்டப் போறியோ?"

"அவவுக்கு என்னத்துக்கு? நாளைக்குக் காலமை ஆறு மணிக்கு அவ அந்தப் பின்பக்க லிஃப்டிலதானே ஏறப் போறா."