பஞ்சர் அக்காவின் எடை

சந்தோஷமாக இருக்கும்போது பஞ்சர் அக்காவுக்கு எடை கிடையாது. லாரி லைசென்ஸுக்கான மருத்துவப் பரிசோதனை குறுக்கே வரும்வரை தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிலருக்கு வெயிலில் போனால் தும்மல் வரும், இவருக்கு இப்படி என்று விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் லீவு அறிவித்த நாட்களில் இவர் ஏறி நின்றால் ஆடும் பெஞ்சுகூட ஆடாது. கல்யாணமாகி வந்த புதிதில் மாடிப்படியில் இவர் இறங்கும் சத்தமே கேட்காமல், திடீரென்று பக்கத்தில் நிற்கும் மருமகளைப் பார்த்து மாமியார் எத்தனையோ தரம் கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டு உடைத்திருக்கிறார். அப்புறம் வருஷங்கள் ஓடின. பைபாஸ் ரோட்டோரம் பஞ்சர் கடை வைத்து, லாரிச் சக்கரங்களைக் கழற்றி மாட்டி, எல்லோரையும் போல அறுபத்துச் சொச்சம் கிலோவாகவே நடமாடினார். பெரிய கவலை ஒன்றும் இல்லை. அலுப்புதான். அலுப்புக்கும் நல்ல எடை உண்டு.

ஒருநாள் டயர் மாற்ற வந்த டிரைவர், டீ குடிக்கப் போகிற அவசரத்தில், லாரியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தும்படி சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா நிறுத்தினார். இறங்கி வந்தபோது சேற்றில் அவர் செருப்புத் தடம் பதியவில்லை. மறுவாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொண்ட மாதத்தில், காற்றடிக்கும் நாட்களில் கைப்பையில் ஒரு ஜாக்கியைப் போட்டுக்கொண்டுதான் தெருவில் நடக்க முடிந்தது. டைல்ஸ் கம்பெனி முதலாளி ஒரு லாரியை அவருக்கென்றே நிறுத்தி வைத்திருந்தார். மாசக் கடைசிக்குள் லைசென்ஸ் வராவிட்டால் அது வேறு டிரைவருக்குப் போய்விடும். பாக்கி இருந்தது டாக்டர் சர்டிபிகேட் மட்டும்.

வீடே பரிசோதனைக்குத் தயாரானது. அக்காவின் கணவர் தையல்காரர். தொண்ணூறு கிலோவுக்குக் குறையாத மனிதர், கடையில் வருஷத்துக்கு ஒரு ஸ்டூலை உடைப்பவர். அவர் ஒரு வெள்ளைத் துணியில் பெரிதும் சிறிதுமாக எழுத்துகளை நீலச் சாக்கட்டியால் எழுதிச் சந்துக் கோடியில் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொன்னார். நிறம் பிரித்தறிவதற்கு நூல்கண்டுப் பெட்டியைக் கவிழ்த்துச் சிவப்பையும் பச்சையையும் பொறுக்க வைத்தார். ரத்த அழுத்தம் ஏறிவிடக் கூடாதென்று மாமியார் சமையலில் உப்பைப் பாதியாக்கினார். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்கள். காது பரிசோதனைக்குத் தனி ஏற்பாடு தேவைப்படவில்லை. மாமியார் அடுத்த அறையில் வாய்க்குள் முணுமுணுத்ததை அக்கா ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார்.

"அடிப்பாவி, இத்தனை வருஷமா எல்லாம் கேட்டுட்டுத்தான் இருந்தியா?"

"கேட்டுச்சு அத்தை. ஆனா நான் காதுல போட்டுக்கல."

பழைய பேப்பர் கடையிலிருந்து எடை மெஷினை இரவல் வாங்கி வந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. அக்கா ஏறி நின்றார். முள் அசையவில்லை. மெஷினில் கோளாறு என்று தையல்காரர் ஏறிப் பார்த்தார்; முள் பயந்தடித்துக்கொண்டு ஓடியது. எடை என்ற இடத்தில் டாக்டர் எதை எழுதுவார்? தையல்காரர் ஒரு பை நிறைய போல்ட்டும் நட்டும் வாங்கி வந்து அக்காவின் சட்டை உள்மடிப்பில் வைத்துத் தைத்தார். முள் துல்லியமாகப் போல்ட்டின் எடையை மட்டும் காட்டியது.

வேறு வழியில்லை, அக்காவைக் கொஞ்சம் துக்கப்பட வைத்தாக வேண்டும். அந்தப் பொறுப்பை மாமியார் ஆசையோடு ஏற்றுக்கொண்டார். ஞாபகத்தில் இருந்த பழைய சண்டைகளையெல்லாம் தூசி தட்டி எடுத்துத் திட்டத் தொடங்கினார். ஆனால் நடுநடுவே அவருக்கே சிரிப்பு வந்து, இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்படி ஆகிவிட்டது. கடைசியில் தையல்காரர் ஒரு சாயங்காலம் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மனசில் இருந்ததைச் சொன்னார்.

"நீ லாரி எடுத்துட்டுப் போயிட்டா எனக்கு வீட்டுல இருப்புக் கொள்ளாது. கடையிலயும் கை ஓடாது. சும்மா தமாஷுக்குச் சொல்லல."

முள் மெல்ல நகர்ந்து ஒன்பது கிலோவைத் தொட்டது. மாமியார் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா நீ போகாம இருந்தா எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கும். போயிட்டு வா" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், முள் பழையபடி பூஜ்யத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

பரிசோதனை நாளில் மூன்று பேருமே போனார்கள். கண், காது, நிறம், அழுத்தம் எல்லாம் மளமளவென்று முடிந்தன. டாக்டர் தங்கமான மனிதர், ஆனால் எதையும் காலியாக விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடமாட்டார். மெஷினைத் தட்டிப் பார்த்தார், இடம் மாற்றி வைத்தார், கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.

"எடையே இல்லாம பிரேக்கை எதை வெச்சும்மா மிதிப்பீங்க?"

"காலை வெச்சுத்தான் டாக்டர். பெல்ட் போட்டு உக்காந்தா சீட்டு என்னைப் பிடிச்சுக்கும். எட்டு மாசமா அப்படித்தான் ஓட்டிப் பழகினேன். லாரி ஒருநாளும் நிக்காமப் போனதில்ல."

டாக்டர் பேனாவை மூடினார். "நீங்க சொல்றதை நான் நம்பறேம்மா. ஆனா எடை இல்லாத ஆளுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது? என்னால முடியாது. மன்னிச்சிருங்க."

மெஷினில் நின்றபடியே அக்கா கம்பெனி வாசலில் நிற்கும் லாரியை நினைத்திருப்பார், வேறு யாரோ அதன் கதவைத் திறப்பதை நினைத்திருப்பார். காலடியில் மெஷின் முனகியது.

"டாக்டர், முள்ளைப் பாருங்க, முள்ளை!" என்று மாமியார் கூவினார். அறுபத்து நாலு. டாக்டர் குனிந்து, இரண்டு தரம் பார்த்து, பேனாவைத் திறந்து எழுதினார். எழுதியது எழுதியதுதான் என்று முத்திரையும் குத்தினார். "தகுதி" என்று வாய்விட்டுச் சொன்னபோது முள் விர்ரென்று திரும்பி வந்ததை அவரும் பார்த்தார். சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மூவரும் வெளியே வந்தார்கள். நல்ல காற்று. அக்காவின் ஒரு கையைக் கணவரும் மறு கையை மாமியாரும் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள்.

அதற்குப் பிறகு அக்கா டைல்ஸ் ஏற்றிக்கொண்டு போகாத ஊர் இல்லை. நெடுஞ்சாலை எடை மேடைக்காரருக்கு ஒரு வழக்கம்: எந்த டிரைவரையும் கீழே இறங்கச் சொல்லிவிட்டுத்தான் லாரியை எடை போடுவார். அக்கா வந்தால் மட்டும் முதலில் முகத்தைப் பார்ப்பார். டயர் வெடித்த நாளிலும், லோடு இறக்க ஆள் கிடைக்காமல் நொந்துபோய் வரும் நாளிலும், "இறங்கிக்கங்கக்கா" என்பார். மற்ற நாட்களில் உட்கார்ந்தபடியே போகலாம்.

ஒரு கோடைக்காலத்தில் தையல்காரர் கடையைப் பூட்டிவிட்டு, முதல்முறையாக மனைவியோடு ஒரு நடை போனார். ஜன்னலோரம் உட்கார்ந்து, மலைகளையும் பாலங்களையும் பக்கவாட்டில் அக்காவின் கைகள் ஸ்டியரிங்கைத் திருப்புவதையும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார். எடை மேடையில் லாரி ஏறி நின்றதும் மேடைக்காரர் அந்தப் பெரிய உருவத்தைப் பார்த்து, "நீங்க மட்டும் இறங்கிக்கங்க சார்" என்றார். தையல்காரர் பெல்ட்டைத் தேடித் தடவிக்கொண்டிருக்கையில் பலகையில் எண் விழுந்துவிட்டது. மேடைக்காரர் எண்ணைப் பார்த்தார், சார் உட்கார்ந்திருந்த சீட்டைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார். லாரியும் டைல்ஸும், அதற்குமேல் ஒரு கிலோ இல்லை.

"பரவாயில்ல, உக்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்தார்.