ஜன்னலை மூடிடாதீங்க

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை காதில் விழுந்த ஒரு வரியில் பிறந்தது. தங்கை வீட்டில், பாத்ரூமுக்குள்ளிருந்து அவள் தன் கணவரிடம் கத்தினாள்: "அந்த ஜன்னலை மூடிடாதீங்க, நான் உள்ளே இருக்கேன்!"

குடும்பக் கதை எழுதுகிறவளுக்கு இது போதாதா? ஓடிப்போய்ப் பார்த்தேன். வீட்டில் ஒரு ஜன்னலும் திறந்திருக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளையின் லேப்டாப். திரையில் கறுப்பாக ஒரு ஜன்னல்.

2

அவர் கதவைத் திறந்துவைத்தார். அவள் மெல்ல...

(அடித்துவிட்டேன். "கதவு இல்லக்கா, ப்ராக்ஸி!" என்றாள் தங்கை.)

சரி, அவள் சொன்னபடியே. இருவருக்கும் ஒரே அலுவலகம். அதன் புரோகிராம்கள் கண்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளுக்குள், எங்கோ பல கணினிகள் சேர்ந்த ஒரு க்ளஸ்டரில் ஓடுகின்றன. அதன் ஏபிஐ என்ற வாசலிடம் பேச, யாரென்று நிரூபிக்க வேண்டும். மாப்பிள்ளை அந்தக் கறுப்பு ஜன்னலில் ஒரு கட்டளை தட்டினால் அவர் லேப்டாப்பிலேயே ப்ராக்ஸி என்ற தூதர் உட்கார்ந்துகொள்ளும். பிறகு யார் லேப்டாப்பிடம் சொன்னாலும் போதும். அதை அவருடைய அடையாளத்தோடு அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஜன்னலை மூடினால் வழியும் போச்சு.*

* இந்தப் பத்தியைத் தங்கை மூன்று முறை திருத்தினாள். என் சமையலைக்கூட இவ்வளவு திட்டியதில்லை.

3

தங்கைக்கு ஒன்பதாம் மாதம். விடுப்பில் இருப்பதால் அவளுடைய அனுமதியை அலுவலகம் நிறுத்தியிருந்தது. அவள் உருவாக்கிய கண்டெய்னரோ நேற்றிலிருந்து விழுவதும் எழுவதுமாக இருந்தது. 'அவ எழுதினதே கோளாறு' என்று அங்கே பேச்சு. அதைக் கேட்டு அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளைக்குத் தாங்கவில்லை. "பாக்க மட்டும்தான்" என்று ப்ராக்ஸியைத் திறந்துகொடுத்தார்.

பார்த்துவிட்டாள். அதற்கான மெமரியை யாரோ பாதியாகக் குறைத்திருந்தார்கள். மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி.

"மாத்திடவா?"

"என் பேர்லதான் பதிவாகும்."

"பாராட்டும் உங்களுக்குத்தானே?"

"உன் மூளைக்கு நான் மாலை போட்டுக்கணுமாடி?"

4

கதைக்கு நான் எழுதிய முதல் முடிவு: அவள் மாற்றுகிறாள், அலுவலகம் அவரைப் புகழ்கிறது. எனக்கே பிடிக்கவில்லை.

இரண்டாவது: "கண்டுபிடிச்சது அவ" என்று மேலாளரிடம் அவர் சொல்கிறார், ஜன்னல் விவகாரம் வெளியே வந்து, அவர் வேலைக்கே...

படித்துக்காட்டினேன். தங்கை உதட்டைப் பிதுக்கினாள்.

"பின்னே என்னதான்டி நடந்துச்சு?"

"நான் ஏன் சொல்லணும்? கதை உன் பேர்லதானே வரப்போகுது!"

அவள் வாழ்க்கை, என் பெயர். நானும் ஒரு கறுப்பு ஜன்னல்தான்.

5

ஆகவே இதோடு நிறுத்துகிறேன். அவள் விரல் எண்டர் மேல் நிற்கிறது. மாப்பிள்ளை நாற்காலியை இழுத்து, அவள் பக்கத்தில் போட்டுக்கொள்கிறார். நான் எழுந்து போகிறேன், ஜன்னலை மூடவில்லை.

வாசகரே, முடிவாக நீங்கள் எதை அழுத்தினாலும் என் பெயரில்தான் பதிவாகும். பரவாயில்லை.