மூச்சைப் பிடித்துக்கொண்ட படங்கள்

1

கிட்டப் பார்க்கும் கண்ணாடி, எட்டப் பார்க்கும் கண்ணாடி, இரண்டின் மேலும் கை வைத்துச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கதை பிறந்தது ஒரு கேமராக் கடையில். காட்சிப் பெட்டிக்குள் டிஎஸ்எல்ஆர் என்ற பெரிய கேமரா ஒன்று உட்கார்ந்திருந்தது. முதல் வாக்கியத்தை அங்கேயே யோசித்துவிட்டேன்.

‘கறுப்பாக, கனமாக, கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சம்பந்தியைப் போல அது...’

(வேண்டாம். சம்பந்தி வீட்டிலும் படிப்பார்கள்.)

‘அவருக்கு அப்போது வயது...’

(இதுவும் வேண்டாம். வயதைச் சொன்னால், “இந்த வயசுல இது எதுக்கு?” என்று நீங்களே கேட்பீர்கள். வீட்டில் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது.)

2

நேராகவே சொல்கிறேன். கதாநாயகன் நான்தான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவன். என்னிடம் இருப்பது சட்டைப்பையில் அடங்கும் சின்னக் கேமரா. அதில் யாரை எடுத்தாலும் கன்னம் உப்பி, கண் பிதுங்கி, தோள் காதுக்கு ஏறியிருக்கும். காரணம், தொழில் பழக்கம். கேமராவைத் தூக்கியதும் வாய் தானாகச் சொல்லிவிடும்: “மூச்சை நல்லா இழுங்க... பிடிங்க... அசையாதீங்க.”

எக்ஸ்ரே அறையில் அடுத்ததாக “விடுங்க” என்பேன். கேமராவில் படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கும் ஆவலில் அது மறந்துபோகும்.

தங்கை வீட்டுக்காரரை ஒருமுறை அப்படி எடுத்தேன். மனிதர் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் தங்கை போன் செய்தாள்.

“அண்ணா, இவரு சாப்பிட மாட்டேங்கறாரு, பேச மாட்டேங்கறாரு. என்ன சொல்லி அனுப்பினே?”

“போனை அவர் காதுல வை... மச்சான், விடுங்க.”

மறுமுனையில் ஜன்னல் கதவுகள் படபடவென்று சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

(அடிக்குறிப்பு: கண்ணாடி எதுவும் உடையவில்லை. மிகைப்படுத்துவது எனக்குப் பிடிக்காது.)

3

குற்றம் கேமராவுடையது என்றேன். பெரிய கேமரா என்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் பத்துப் படம் எடுத்துவிடும். பத்தில் ஒன்றிலாவது ஆள் மூச்சு விட்டிருப்பார். மனைவி அசையவில்லை.

“மக புது வீட்டுல மாட்ட என் படம் கேக்கறா. எதைக் கொடுக்கிறது? எல்லாத்துலயும் பலூன் மாதிரி இருக்கேன். நாளைக்கு நான் போனப்புறம் இதுக்குத்தான் மாலை போடுவாங்க. வர்றவங்க, ‘பாவம், மூச்சு முட்டித்தான் போனாங்களா?’ன்னு கேப்பாங்க.”

“அதுக்குத்தானே புதுக் கேமராங்கறேன்.”

“சரிங்க. கடையிலேயே வச்சு, நான் சிரிக்கிற மாதிரி ஒரே ஒரு படம் எடுங்க. வந்தா வாங்கலாம். வரலைன்னா இதோட படம் எடுக்கிற வேலையே வேண்டாம்.”

(இதுவரை எழுதியதை மனைவி படித்தாள். “எக்ஸ்ரே எடுக்கறவங்க யாராவது ‘விடுங்க’ சொல்ல மறப்பாங்களா? இது அபாண்டம்!” என்றாள். அவளுக்கு ஏன் இத்தனை கோபம் என்று தெரியவில்லை. எனக்கும் கதாநாயகன் மேல் லேசாகச் சந்தேகம் வருகிறது. இருந்தாலும் கதையை இவ்வளவு தூரம் நகர்த்திவிட்டேன், நிறுத்த முடியாது.)

4

கடைக்காரர் ஒரு ஸ்டூலைப் போட்டு மனைவியை உட்கார வைத்தார். கேமராவை என் கழுத்தில் மாட்டினார். கழுத்து இரண்டு அங்குலம் கீழே இறங்கியது.

“ஐயா, உள்ளே ஒரு கண்ணாடி மேலே எழும்பும். டக்னு சத்தம் வரும், பயந்துடாதீங்க.”

“படம் நல்லா வருமா?”

“கேமரா நல்ல கேமரா. படம் உங்க கையில.”

“அதான் பயமா இருக்கு” என்றாள் ஸ்டூலில் இருந்தவள்.

நான் கேமராவைத் தூக்கினேன். பழைய பேச்சு வாயில் வந்துவிடக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பல் செட் நழுவி வழிவிட்டது.

“மூச்சை நல்லா இழுங்க... பிடிங்க...”

மனைவி பிடித்தாள். கடைக்காரர் பிடித்தார். கேமராப் பை வாங்க வந்த பெண்மணி பிடித்தார். மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியும் நின்றுவிட்டது.

5

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். கைவசம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று: நான் “விடுங்க” என்கிறேன். எல்லோரும் ஒரே நேரத்தில் விட்ட மூச்சில் கடைக்காரரின் பொய்முடி பறந்து மின்விசிறியில் உட்காருகிறது. மனைவி குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். டக். கேமராவைப் பெட்டியில் போட்டுக் கொடுக்கிறார்கள்.

(கடைக்காரருக்குப் பொய்முடி கிடையாது. இந்த முடிவுக்காக வைத்துவிட வேண்டியதுதான்.)

இரண்டு: எனக்கு ஒரே இருட்டாகத் தெரிகிறது. கண்ணில் புரை முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டே அழுத்துகிறேன். டக். “ஐயா, லென்ஸ் மூடியைக் கழட்டவே இல்லையே!” என்கிறார் கடைக்காரர். அப்போது மனைவி சிரிக்கிறாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. ஆனால், படத்தில் இருப்பது வெறும் கறுப்பு. சிரித்தது நிஜம், படம் வரவில்லை. பந்தயத்தில் யார் ஜெயித்தது? வாங்குவதா, வேண்டாமா?

‘மூன்றாவதாக, அவள் ஸ்டூலைவிட்டு எழுந்து...’

(இதை எழுத ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். எழுந்தால் கேமராவும் போய்விடும், மகள் வீட்டுச் சுவரும் காலியாகவே இருக்கும்.)

எனவே பொறுப்பு உங்களுடையது. எதையாவது ஒன்றைச் சொல்லுங்கள், கொஞ்சம் சீக்கிரமாக. கடையில் இன்னும் யாரும் மூச்சு விடவில்லை.

முடிவெடுக்குமுன் ஒரே ஒரு தகவல்: எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவள் என் மனைவி, ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவன் நான்.