ஒரு காப்பிக்கு மூன்று கோப்பை

என் வீட்டுக்காரர் பிரெட்ரிக் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலேசியாவில் எங்கள் ஊரான குளுவாங்கை விட்டால் அவர் காப்பி குடித்த ஊர்கள் இரண்டுதான். ஒன்று சிங்கப்பூர், இன்னொன்று வேளாங்கண்ணிக்குப் போன வழியில் நாகப்பட்டினம். ஆனால் உலகத்துக் காப்பி அத்தனைக்கும் அவரிடம் தீர்ப்பு தயாராக இருக்கும். சிங்கப்பூர்க் காப்பி நல்ல காப்பிதான், ஆனால் கொண்டுவந்து வைப்பவன் நம் முகத்தைப் பார்க்க மாட்டான், அதற்கு மதிப்பெண் குறைவு. நாகப்பட்டினத்தில் நுரை ஜோர், அளவு போதாது. முதல் பரிசு எப்போதும் எங்கள் கடைத்தெரு ஆ செங் கடைக்கே போகும். அங்கே கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் போட்டுக் கறுகறுவென்று வறுத்து, துணிப்பையில் வடித்து, அடியில் கெட்டிப்பால் ஊற்றிய தடித்த பீங்கான் கோப்பையில் தருவார்கள். தினமும் சாயங்காலம் கூட்டாளிகள் மகேஸ்வரன், காளியப்பன் இருவரோடும் அதே மேசையில் உட்கார்ந்து, காப்பியைச் சாசரில் ஊற்றி ஆற்றிக் குடித்துவிட்டு இருட்டும்போதுதான் வீடு திரும்புவார். அந்த மேசைதான் அவருக்கு ஊர், உலகம், நீதிமன்றம் எல்லாம்.

ஜெரால்டின் எங்கள் ஒரே மகள். செர்டாங் பல்கலைக்கழகத்தில் உணவுத் தொழில்நுட்பம் படித்தாள். மேற்படிப்புக்கு இத்தாலி போனவள், திரியெஸ்தே என்ற துறைமுக ஊரிலேயே வேலையில் சேர்ந்துவிட்டாள். கப்பலில் வந்து இறங்கும் பச்சைக் காப்பிக்கொட்டையை வறுத்து, வடித்து, உறிஞ்சிப் பார்த்துத் தரம் சொல்வது அவள் வேலை. காப்பி குடிப்பதற்குச் சம்பளமா என்று பிரெட்ரிக் முதலில் நம்பவே இல்லை. நம்பிய பிறகு ஆ செங் கடையில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

அவள் போன் செய்தால் உடம்பு சௌக்கியம், சாப்பாடு, சளி எல்லாம் என் பங்கு. காப்பி சமாச்சாரம் அப்பா பங்கு. இத்தாலியில் நின்றுகொண்டே குடிப்பார்களாம். கோப்பையில் இருப்பதே இரண்டு மடக்கு, விழுங்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். மத்தியானத்துக்கு மேல் பால் காப்பி கேட்டால், உடம்பு சரியில்லையா என்பதுபோல் பார்ப்பார்கள். வியன்னாவில் அப்படியே தலைகீழ். வெள்ளித் தட்டில் காப்பியோடு ஒரு கிளாஸ் தண்ணீரும் வரும். அந்த ஒரு காப்பியை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பேப்பர் படித்தாலும் எழுந்திரு என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். இஸ்தான்புல்லில் குடித்து முடித்த கோப்பையைக் கவிழ்த்து, வண்டலைப் பார்த்து ஜோசியம் சொல்வார்கள். சைகோனில் நடைபாதை முக்காலியில் உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாக இறங்கும் காப்பிக்குக் காத்திருக்க வேண்டும். அடியில் கெட்டிப்பால் இருக்கும்.

"கேட்டியா இன்பா, கெட்டிப்பாலு" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். "வியட்நாம்காரன் நம்ம கட்சி."

இந்தப் பேச்சுக்கு நடுவில்தான் ஒருநாள் அவள் தாவித் என்ற பெயரைச் சொன்னாள். கூட வேலை பார்ப்பவர், எத்தியோப்பியாவில் ஜிம்மா என்ற ஊர்க்காரர், காப்பிச்செடி காட்டில் தானாகவே முளைக்கிற இடம். அதுவரை பிரெட்ரிக் ரசித்துக் கேட்டார். "அவரைத்தான்பா கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்" என்றதும் போனை என் கையில் கொடுத்துவிட்டு, காலியாக இருந்த நாய்க்கூண்டைக் கழுவப் போய்விட்டார்.

அன்று இரவு நானே ஆரம்பித்தேன்.

"என்னங்க பிரச்சினை? பைபிள்ல வர்ற தாவீது ராஜா பேரு. கோயிலுக்குப் போற பையன். படிச்சவன்."

"நான் அதெல்லாம் சொல்லல."

"கறுப்பா இருக்கான்னு சொல்றீங்களா? உங்க கையைக் கொஞ்சம் லைட்ல காட்டுங்க பாப்போம்."

"கிண்டல் பண்ணாத லா. நாளைக்குக் கடையில மகேஸ் கேப்பான். ஆப்பிரிக்காக்காரனா, வேற ஆளே கிடைக்கலையான்னு கேப்பான். மகேஸ் ஒரு மாசம் சிரிப்பான். நான் எங்க மூஞ்சிய வெச்சிக்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது. மகேஸ்வரனின் சிரிப்புக்குப் பயந்து மகளை இழக்கத் தயாராக இருக்கிறாரே என்று வாய்விட்டே சொன்னேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். மறுநாள் ஜெரால்டின் என்னிடம் தனியாகப் பேசினாள். "அப்பா வேணாம்னு சொன்னாலும் நான் தாவித்தை விட மாட்டேன்மா. ஆனா அவரை ஏத்துக்காத வீட்டுக்கு நான் மட்டும் எப்படி வந்து போறது?" அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு மாதம் நச்சரித்த பிறகு பிரெட்ரிக் இறங்கி வந்தார், பாதிப் படிவரைக்கும். "வரட்டும். ஒரு காப்பி குடிக்கிற நேரம் கூட உக்காருறேன். குடிச்சு முடிச்சதும் எழுந்திருவேன், அப்புறம் என்னை ஒண்ணும் கேக்கக் கூடாது. அதுவும் வீட்டுல மட்டும். கடைப்பக்கம் கூட்டிட்டு வரக் கூடாது."

போனில் ஜெரால்டின் ஒரு நொடி யோசித்தாள். "சரிப்பா. ஒரு காப்பி. தாவித்தே போடட்டும். வாக்கு மாறக் கூடாது."

"சிக்னல்மேன்கிட்ட வந்து வாக்கு மாறக் கூடாதுங்கிறா" என்று என்னைப் பார்த்து முறைத்தார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் இருவரும் வந்தார்கள். தாவித் ஒல்லியாக, உயரமாக இருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி, ஜோடியாகச் சுவரோரம் ஒதுக்கி வைத்தார். அதிலேயே எனக்குப் பாதி மனசு போய்விட்டது. எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசினார், நான் அதைத் தமிழில் சொல்கிறேன். கைப்பையைத் திறந்து, சட்டைகளுக்குள் சுற்றி வைத்திருந்த ஒரு கறுப்பு மண்குடுவையை வெளியே எடுத்தார். உருண்டை வயிறு, நீண்ட கழுத்து. மூன்று விமானம் மாறியும் கீறல் விழவில்லை என்று ஜெரால்டின் பெருமையாகச் சொன்னாள்.

"எங்க ஊர்ல பொண்ணுங்கதான் இதைச் செய்வாங்க, ஆன்ட்டி. நான் செய்யுறதைப் பாத்தா எங்க அம்மா சிரிச்சிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே பச்சைக் கொட்டையைக் கழுவி, என் தோசைக்கல்லில் போட்டார். முதலில் தரையில் பச்சைப்புல் பரப்ப வேண்டுமாம், அது விருந்தாளிக்கு மரியாதை. எங்கள் வாசல் கார் நிற்கிற சிமெண்டுத் தரை, புல்லுக்கு எங்கே போக? தொட்டியிலிருந்து, சோற்றுக்கு வாசம் போடுகிற பாண்டான் இலைகளை நறுக்கிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, எங்கள் புல்லைவிட இது மேல் என்றார். அடுத்து ஒரு கரண்டித் தணல் கேட்டு, பொட்டலத்திலிருந்து சாம்பிராணியை எடுத்துத் தூவினார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

ஹாலில் உட்கார்ந்திருந்த பிரெட்ரிக் தமிழில் முணுமுணுத்தார். "சாம்பிராணி போட்டுத்தான் காப்பி குடிக்கணுமா? பூசைக்கு ஃபாதரையும் கூப்பிடுங்க."

கொட்டை வெடித்து, பழுப்பாகி, எண்ணெய் மினுங்கியதும் தாவித் கல்லை அப்படியே தூக்கிக்கொண்டு பிரெட்ரிக் முன்னால் போய் நின்று, புகையைக் கையால் அவர் பக்கம் தள்ளினார். புகை முதலில் விருந்தாளிக்குத்தான் போக வேண்டுமாம். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் நினைத்தார். மூக்கு விடவில்லை. கண்ணை மூடி ஒருமுறை இழுத்தார், பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இன்னொருமுறை இழுத்தார். நான் பார்த்தேன்.

இடிப்பதற்கு என் பெரிய கல்லுரலை எடுத்தவர், அதில் இருந்த பெலாச்சான் என்கிற இறால் விழுதின் வாடையை முகர்ந்ததும் மெல்லக் கீழே வைத்துவிட்டு, ஏலக்காய் இடிக்கிற பித்தளை உரலைக் கேட்டார். அதில் ஒரு கைப்பிடிதான் கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, அவசரமே இல்லாமல் இடித்தார். இத்தனை நாடுகளின் காப்பியைப் பற்றி மகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு கோப்பைக்காக இவ்வளவு மெனக்கெடுகிற ஊர் ஒன்று இருக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது, புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

தூளை மண்குடுவையில் போட்டுக் கொதிக்கவைத்து, பிடியில்லாத குட்டிக் கோப்பைகளில் மெல்லிய கோடாக ஊற்றினார். பக்கத்தில் ஒரு கிண்ணம் சோளப்பொரி.

"இது எதுக்கு, சினிமாவா பாக்கப் போறோம்?" என்றார் பிரெட்ரிக். ஆனால் குடித்தார். கறுப்பாக இருந்தும் கசப்பு இல்லை, எலுமிச்சைப் பூ மாதிரி ஒரு வாசம் கடைசியில் வந்தது. வாய் வரைக்கும் வந்த பாராட்டை அவர் காப்பியோடு சேர்த்து விழுங்குவது தெரிந்தது. பிறகு கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். "தேங்க் யூ. சொன்ன மாதிரி ஒரு காப்பி குடிச்சாச்சு."

"இன்னும் முடியலப்பா" என்றாள் ஜெரால்டின்.

தாவித் குடுவையில் மறுபடியும் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார். சங்கடமாகத்தான் சொன்னார். "எங்க ஊர்ல ஒரு காப்பின்னா மூணு கோப்பை, அங்கிள். ஒரே தூளு, மூணு தடவை தண்ணி. மூணாவதுக்குப் பரக்கான்னு பேரு, ஆசீர்வாதம்னு அர்த்தம். அதுக்கு முன்னால எழுந்து போனா அந்த வீட்டோட சண்டைன்னு அர்த்தம்."

"இது என் வீடு" என்றார் பிரெட்ரிக்.

"அப்ப உங்களோட நீங்களேதான் சண்டை போட்டுக்கணும்" என்றேன் நான். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் மகளைப் பார்த்தார். அவள் முகம் மட்டும் சிரிக்கவில்லை. வாக்குக் கொடுத்தவர், வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்.

இரண்டாவது கோப்பை வந்தது. சும்மா இருக்க முடியாமல் அவரே கேட்டார். "உங்க ஊர்ல வறுக்கும்போது ஒண்ணும் போட மாட்டீங்களா? இங்க மார்ஜரின் போடுவாங்க."

"வறுக்கும்போது போட மாட்டோம். குடிக்கும்போது சில ஊர்ல வெண்ணெய் போடுவாங்க, அங்கிள்."

"ஆ செங்கும் கேட்டா ஒரு துண்டு வெண்ணெய் போட்டுத் தருவான்" என்றவர், கடைப் பேச்சை எடுத்துவிட்டதற்குத் தன்மேலேயே எரிச்சல் பட்டதுபோல் குரலை மாற்றிக்கொண்டார். "சரி. உங்க வீட்டுல என்ன சொன்னாங்க, என் பொண்ணைப் பத்தி?"

தாவித் ஜெரால்டினைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பொய் சொல்ல மாட்டேன், அங்கிள். எங்க அப்பாவுக்கு இஷ்டம் இல்ல. பள்ளிக்கூட வாத்தியாரு அவரு, ஊர்ல மரியாதையான ஆளு. எங்கேயோ இருக்கிற இந்தியாக்காரப் பொண்ணு எதுக்கு, நம்ம பாஷையும் தெரியாது, நம்ம சாப்பாடும் தெரியாது, ஊர்ல நான் என்ன பதில் சொல்றதுன்னு கேக்கிறார். ஜெரால்டினைப் பாக்க மாட்டேன்னு சொல்லிட்டார்."

பிரெட்ரிக் கோப்பையை வைத்த வேகத்தில் காப்பி மேசையில் சிந்தியது.

"பாக்க மாட்டேன்னா சொன்னாரு? என் பொண்ணையா? மாஸ்டர்ஸ் படிச்சிருக்கா. கோயில் பாட்டுக்குழுவுல முதல் குரல் பாடுறவ. இந்தியாக்காரியாம். நாங்க மலேசியாக்காரங்கன்னு சொல்லலையா நீ?" அவர் முகம் ஜிவுஜிவு என்று சிவந்துவிட்டது. "என் பொண்ணுக்கு என்ன குறை? போன் போடு. நான் பேசுறேன்."

"அப்பா, வேணாம்பா" என்றாள் ஜெரால்டின்.

"போடச் சொல்லு."

எங்களுக்குச் சாயங்காலம், ஜிம்மாவில் அப்போது நடுப்பகல். மணி அடித்துக்கொண்டிருக்கையிலேயே மூன்றாவது காப்பி பொங்கி, தாவித் ஒரு கையால் ஊற்றிப் பிரெட்ரிக்கிடம் நீட்டினார். போன் திரையில் நரைத்த மீசையோடு ஒரு முகம் வந்தது. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, விறைப்பான வாத்தியார் முகம். அவருக்கு அவர்கள் நாட்டு அம்ஹாரிக் மொழி மட்டும்தான் வசதி. நடுவில் தாவித் மொழிபெயர்த்தார்.

வணக்கம்கூடச் சொல்லாமல் பிரெட்ரிக் ஆரம்பித்தார். "என் பொண்ணுக்கு என்ன குறைன்னு உங்க அப்பாகிட்ட கேளு."

தாவித் தயங்கித் தயங்கிக் கேட்டார். பிறகு வாத்தியார் நிதானமாக ஏதோ சொன்னார். தாவித் அதைச் சொல்லாமல் நின்றார்.

"என்ன சொல்றாரு?"

"அங்கிள், உங்களுக்கும் இஷ்டம் இல்லைன்னு அவருக்குத் தெரியும், நான்தான் சொன்னேன். அவர் கேக்கிறார்." தாவித் தரையைப் பார்த்துச் சொன்னார். "என் பையனுக்கு என்ன குறைன்னு நீங்க நினைச்சீங்க?"

முப்பத்தைந்து வருஷம் இவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். எதற்கும் தீர்ப்பு தயாராக வைத்திருப்பவர் அன்று கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். திரையில் இருந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்திலும் கோபம் இல்லை. மகனைப் பெற்றவன் ஒருவன் பதிலுக்குக் காத்திருந்தான், அவ்வளவுதான். கையிலிருந்த கோப்பையைப் பிரெட்ரிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். மூன்றாவது வடிப்பு, நீர்த்த காப்பி. முகம் சுளிக்கவில்லை.

"ஒண்ணும் இல்ல" என்றார் கடைசியில். "ஒரு குறையும் இல்லைன்னு சொல்லு. ஊர் என்ன சொல்லும்னு பயந்தேன், அவ்ளோதான். அதையும் சொல்லு."

தாவித் சொல்லி முடித்ததும் வாத்தியார் தலையைக் குனிந்து மீசையைத் தடவினார். அப்புறம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "நானும்தான்னு சொல்றார்" என்றார் தாவித். வாத்தியார் திரும்பி உள்ளே யாரையோ கூப்பிட, முந்தானை மாதிரி வெள்ளைத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு அம்மா ஓடி வந்து, ஜெரால்டினைக் காட்டச் சொல்லிக் கையை ஆட்டினார். என் மகள் போனை வாங்கிக்கொண்டு ஒரு மூலைக்குப் போய் அழுதாள். நான் மேசையில் சிந்தியிருந்த காப்பியைத் துடைத்தேன்.

பிரெட்ரிக் எழுந்து அறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொள்வாரோ என்று ஒரு நிமிஷம் பயந்தேன். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு வெளியே வந்தார்.

"தாவீது, கிளம்பு. ஆ செங் கடைக்குப் போலாம்."

"இப்பவா?" என்றேன். "இந்நேரம் மகேஸ், காளியப்பன் எல்லாரும் இருப்பாங்களே. யாருன்னு கேட்டா?"

"கேக்கட்டும்" என்றார், செருப்பை மாட்டிக்கொண்டே. "கேக்கணும்னுதான் கூட்டிட்டுப் போறேன்."